வகுப்புக்கு ஒரு பாட்காஸ்ட்: ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வகுப்புச் செய்திகளையும் பாட விளக்கங்களையும் குரலில் பதிவு செய்து மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் அனுப்ப நினைப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. பாட்காஸ்ட்னா என்ன? வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுறோமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

ஒலிப்பதிவு இரண்டிலும் ஒன்றுதான். அது கேட்பவரைச் சென்று சேரும் வழி வேறு. பாட்காஸ்டில் ஒவ்வொரு பதிவும் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற பட்டியலில் சேரும். ஒருமுறை அந்தப் பட்டியலைப் பின்தொடர்ந்துவிட்டால் புதிய எபிசோட் தானாகவே போனுக்கு வந்துவிடும். பழையவையும் வரிசையாகக் கிடைக்கும். பாட்காஸ்ட் என்ற சொல் 2004இல் புழக்கத்துக்கு வந்தது. 2005இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் இடம் கொடுத்த பிறகு பரவலானது. தமிழில் வலையொலி என்று எழுதுபவர்களும் உண்டு.

வாய்ஸ் மெசேஜ் அரட்டையின் நடுவே புதைந்து போகும். அதற்குத் தலைப்பு கிடையாது, மூன்று வாரம் கழித்துத் தேடினால் அகப்படாது. ஆனாலும் ஒரே ஒரு வகுப்புக்கு முறையான ஃபீட் கட்டாயம் இல்லை. தலைப்பும் தேதியும் போட்டு, குறித்த நாளில், ஒரே இடத்தில் ஒலிப்பதிவுகளை வைத்தாலே போதும். இந்தப் பக்கத்தில் இரண்டையும் பாட்காஸ்ட் என்றே சொல்கிறோம்.

2. சுற்றறிக்கை அனுப்புறோமே, அது போதாதா? குரல்ல வேற எதுக்கு?

தேதி, நேரம், கட்டணம், கொண்டுவர வேண்டிய பொருள்கள் ஆகியவற்றுக்குச் சுற்றறிக்கைதான் சரி. எழுத்தில் கண்ணை ஓடவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒலியில் அது நடக்காது. கூட்டம் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஆறு நிமிடப் பதிவை முழுக்கக் கேட்கும் பெற்றோர் அடுத்த எபிசோடைத் திறக்க மாட்டார்.

குரல் பயன்படும் இடம் விளக்கம். கழித்தலுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கும் முறை பெற்றோர் படித்த முறையிலிருந்து ஏன் வேறுபடுகிறது, வீட்டில் பழைய முறையைத் திணித்தால் பிள்ளை எங்கே குழம்பும் என்பதைத் தாளில் எழுதினால் இரண்டு பக்கம் ஆகும், அதைப் படிப்பவர் குறைவு. பேசினால் மூன்று நிமிடம். பிள்ளையின் பாடமொழியைப் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கும், வேலை செய்துகொண்டே கேட்க மட்டும் முடிகிறவர்களுக்கும் குரல் எளிது. ஒரு விதியை மட்டும் தளர்த்த வேண்டாம்: பெற்றோர் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் அது எழுத்திலும் போக வேண்டும்.

3. என்னதான் பேசுறது? ரெண்டே வாரத்துல விஷயம் தீர்ந்துடுமே?

பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எபிசோடில் அடைத்து, கேட்பவருக்கு எதுவும் மனதில் நிற்காமல் போகிறது. பெற்றோருக்கான எபிசோடில் மூன்று விஷயங்கள் போதும்: அடுத்த வாரம் வரப்போகும் பாடம், அதில் பிள்ளைகள் தடுமாறும் ஒரு இடமும் வீட்டில் அதற்குச் செய்யக்கூடிய உதவியும், பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி. அந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். ‘இன்னைக்கு என்ன படிச்ச?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். ‘பனிக்கட்டி ஏன் தண்ணியில மிதக்குது?’ என்று கேட்டால் பேச்சு வளரும்.

மாணவர்களுக்கானதில் முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தாதீர்கள். வீட்டுப்பாடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு படி, நாளைய சோதனைக்கான செய்முறைக் குறிப்பு, சொல்வதெழுதுதல், செய்யுளை நிறுத்தி வாசித்தல், திருப்புதலுக்கான கேள்விகள் எல்லாம் ஒலிக்கு ஏற்றவை. வரைபடம், வடிவியல், நீளமான சமன்பாடு ஏற்றவை அல்ல. ‘புத்தகத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முடிந்தால் மட்டும் அவற்றைத் தொடுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு ஐந்து நொடி மௌனமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பாட்காஸ்ட் செயலிகளில் மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதி இருக்கிறது. அது இயங்கினால் கேள்வியை ஒட்டிக்கொண்டே விடை வரும். ‘இங்கே நிறுத்திவிட்டு விடையை எழுதுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்வதுதான் நம்பகமானது.

4. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரே எபிசோடா போட்டுடலாமா?

வேண்டாம். ‘உங்கள் பிள்ளை இதில் தடுமாறலாம்’ என்பதைப் பிள்ளையே கேட்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும் சின்ன வகுப்புகளில் மட்டும் ஒரே எபிசோட் எடுபடும். அப்போது பிள்ளையைப் பார்த்துப் பேசுங்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வார்கள்.

5. எவ்வளவு நேரம் இருக்கணும்? எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

பெற்றோருக்கு 3 முதல் 5 நிமிடம். மாணவர்களுக்கு 5 முதல் 8 நிமிடம். சின்னப் பிள்ளைகள் என்றால் அதிலும் பாதி. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும் என்று வைத்துக்கொண்டு, 4 நிமிடத்துக்கு 400 சொல் அளவில் குறிப்பு தயாரிக்கலாம். உங்கள் வேகத்தை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒன்று என்று தொடங்கி ஐந்தாம் வாரத்தில் நின்று போவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதும் வருவது மேல். நாளை மாற்றாதீர்கள். தேர்வுக் காலத்தில் பதிவு செய்ய நேரம் கிடைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். அதற்கு முந்தைய மாதத்திலேயே தேதி சாராத இரண்டு எபிசோடுகளைப் பதிவு செய்து கையிருப்பில் வைத்துவிடுங்கள்.

6. மைக் வாங்கணுமா?

முதல் பத்து எபிசோடுகளுக்கு வேண்டாம். போனே போதும். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, மடித்த துண்டின் மேல் வைத்து, வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, நேர் எதிரில் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கும்படி பேசுங்கள். துண்டு எதற்கென்றால், மேசையில் கை பட்டால் எழும் ‘டொக்’ சத்தம் பதிவில் இடி போலக் கேட்கும். பக்கவாட்டில் வைப்பது ‘ப’ வரும்போது வெளிப்படும் மூச்சுக்காற்று மைக்கில் நேராக மோதாமல் இருக்க.

ப்ளூடூத் இயர்போனில் பதிவு செய்ய வேண்டாம். அதன் மைக் இயங்கும்போது பல கருவிகளில் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். கம்பியுள்ள இயர்போன் பரவாயில்லை, சட்டையில் உரசாமல் கையில் பிடித்துக்கொண்டால். பிறகு மைக் வாங்குவதென்றால், அமைதியான தனி அறை இல்லாதவர்களுக்கு டைனமிக் வகைதான் நல்லது. கண்டென்சர் வகை நுட்பமானது. உங்கள் குரலோடு பக்கத்து வகுப்பையும் சேர்த்தே பிடிக்கும்.

7. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. விசிறி சத்தம் வேற. என்ன பண்றது?

கிணற்றுச் சத்தம் அறையின் குறை. குரல் வெற்றுச் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக மறுபடி மைக்குக்கு வருகிறது. காலி வகுப்பறைதான் இதற்கு மிக மோசமான இடம், ஆனால் பெரும்பாலோர் தேடிப்போவதும் அதைத்தான். துணி நிறைந்த அறை, திறந்து வைத்த துணி அலமாரியின் முன்புறம், கனத்த திரைச்சீலைக்குப் பக்கம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மைக்குக்கு இன்னும் நெருங்கிப் பேசினாலும் எதிரொலி குறையும். பதிவான எதிரொலியைப் பிறகு சுத்தமாக நீக்குவது கடினம்.

விசிறி போல மாறாமல் ஓடும் சத்தத்தைக் குறைக்க முடியும், ஆனால் விசிறியை நிறுத்துவது அதைவிட எளிது. நிறுத்த முடியாதபோது, பேசத் தொடங்குமுன் 5 நொடி சும்மா இருந்து அந்தச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அந்த 5 நொடியைத் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ வசதிக்கு மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து 6 முதல் 12 டெசிபல் வரை குறைக்கலாம். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல நெளியும்.

சரிசெய்யவே முடியாத இன்னொரு தவறு, ஒலி அளவு உச்சத்தைத் தொட்டு வெட்டுப்படுவது. பதிவுச் செயலியின் அளவுகாட்டியில் 0 தான் உச்ச வரம்பு; பேச்சின் உச்சம் அதற்குக் கீழே மைனஸ் 6 டெசிபல் அருகில் நிற்கட்டும். எதற்கும், முழுசாகப் பேசுமுன் 10 நொடி பதிவு செய்து இயர்போனில் கேட்டுவிடுங்கள்.

8. எனக்கு எடிட்டிங் தெரியாது. கத்துக்காம முடியாதா?

முன்னும் பின்னும் வெட்டத் தெரிந்தால் போதும். நடுவில் தவறிவிட்டால் பதிவை நிறுத்தாதீர்கள். ஒருமுறை கைதட்டி, இரண்டு நொடி விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். திரையில் ஒலி அலையைப் பார்க்கும்போது கைதட்டல் ஊசி போல நிமிர்ந்து நிற்கும். அதற்கு முன்னுள்ள தவறான வாக்கியத்தையும் கைதட்டலையும் சேர்த்து வெட்டிவிடலாம். பாதி வாக்கியத்தில் ஒட்டுப் போடாதீர்கள், குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஒலி அளவைச் சீராக்குங்கள். ஆடாசிட்டியில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்று இருக்கும். ஸ்டீரியோவுக்கு (இரட்டைத் தடம்) மைனஸ் 16, மோனோவுக்கு (ஒற்றைத் தடம்) மைனஸ் 19 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலி அளவை அளக்கும் அலகு) என்பது பாட்காஸ்ட் செய்வோரிடையே உள்ள வழக்கம். இதைச் செய்யாவிட்டால் ஒரு எபிசோட் முணுமுணுக்கும், அடுத்தது கத்தும். ஒவ்வொரு ‘ம்’, ‘வந்து’ ஆகியவற்றையும் தேடி வெட்டுவதற்கு அவசியமில்லை. 5 நிமிடப் பதிவுக்கு 20 நிமிடத்துக்கு மேல் எடிட்டிங் ஆகிறது என்றால் வழக்கத்தைத் தொடர முடியாது.

9. ஃபைல் ரொம்பப் பெருசா இருக்கு, அனுப்பினா போகவே மாட்டேங்குது.

வேவ் என்ற சுருக்கப்படாத வடிவில் அனுப்பியிருப்பீர்கள். அது மோனோவிலேயே நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். 5 நிமிடத்துக்கு 26. அதையே 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) மோனோ எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு 0.48, ஐந்து நிமிடத்துக்கு 2.4 மெகாபைட்தான். தனிக்குரல் பேச்சுக்கு இந்தத் தரம் தாராளம். ஸ்டீரியோவால் ஒரு பயனும் இல்லை.

சில போன்கள் எம்4ஏ வடிவிலும், பழையவை ஏஎம்ஆர் வடிவிலும் சேமிக்கும். எல்லாக் கருவியிலும் திறக்க வேண்டும் என்றால் எம்பி3 ஆக மாற்றிவிடுங்கள். பெயரை 2025-07-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்கினால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். தமிழ் எழுத்தில் வைத்த ஃபைல் பெயர் சில பழைய போன்களில் வெறும் கட்டங்களாகத் தெரியும். தமிழைத் தலைப்பில் வையுங்கள், ஃபைல் பெயரில் வேண்டாம்.

10. எங்க போடுறது? ஸ்பாட்டிஃபையா, வாட்ஸ்அப்பா, பள்ளி வெப்சைட்டா?

யார் கேட்கலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், இடம் தானாகத் தெரியும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பட்டியல்களில் சேர்ப்பது உலகத்துக்கே திறந்துவிடுவது. பாட விளக்கத்துக்கு அது சரி, வகுப்புச் செய்திக்குச் சரியல்ல. கடவுச்சொல் கேட்கும் பள்ளித் தளமோ கற்றல் மென்பொருளோ இருந்தால் அதுதான் நல்ல வீடு.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். ‘எனக்கு வரவே இல்லை’ என்று சிலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எபிசோடுகள் ஒரே பக்கத்தில் இருக்க, குழுவில் இணைப்பும் ஒருவரிக் குறிப்பும் மட்டும் போவது எங்கள் பரிந்துரை. போன் மாற்றினாலும், நினைவகத்தைக் காலி செய்தாலும் எபிசோட் தொலையாது.

11. பிரைவேட் ஃபீட்னு ஒண்ணு இருக்காமே, அது பாதுகாப்பானதா?

ஓரளவுக்கு. பல சேவைகளில் அது யாரும் ஊகிக்க முடியாத நீண்ட முகவரி, அவ்வளவுதான். அந்த முகவரி கிடைத்த எவரும் கேட்கலாம். சில சேவைகள் ஒவ்வொருவருக்கும் தனி முகவரி கொடுக்கின்றன. ஒருவருடையதை மட்டும் முடக்க முடியும் என்பதால் அது மேல். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஆன்டெனாபாட் போன்ற செயலிகளில் முகவரியை நேராக ஒட்டிச் சேர்க்கலாம். ஸ்பாட்டிஃபையில் கேட்பவர் அப்படி ஒட்ட முடியாது. பெற்றோருக்கு வழிகாட்டும்போது இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பதிவிறங்கிய எபிசோட் நீங்கள் நீக்கினாலும் அவரவர் போனில் இருக்கும். ஆகவே வெளியே கசிந்தால் ஒரு பிள்ளைக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் பிரைவேட் ஃபீடிலும் வேண்டாம்.

12. பிள்ளைங்க பேர் சொல்லலாமா? நல்லா செஞ்சவங்களைப் பாராட்டணும்ல?

பொதுவெளி எபிசோடில் சொல்லக் கூடாது. மூடிய ஃபீடில் முதல் பெயர் மட்டும், அதுவும் 13இல் சொல்லும் ஒப்புதல் இருந்தால். மதிப்பெண், வருகை, உடல்நலம், நடத்தை ஆகியவை எங்கேயும் வரக் கூடாது. பிள்ளையைப் பாராட்டுவதைவிட வேலையைப் பாராட்டலாம்: ‘இந்த வாரம் ஒரு கட்டுரையில் மழைச் சத்தத்தை நான்கு சொற்களில் எழுதியிருந்தார்கள்’ என்றால், எழுதிய பிள்ளைக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். பெயர் விட்டுப்போன முப்பது பேரின் பெற்றோருக்கும் மனவருத்தம் இல்லை.

பெயரைவிட ஆபத்தானது வேறொன்று. ‘வரும் 14ஆம் தேதி மூன்று மணிக்குப் பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம்’ என்று பொதுவெளியில் சொல்வது. பிள்ளைகள் எப்போது எங்கே இருப்பார்கள் என்பது பெற்றோருக்கு மட்டும், எழுத்தில்.

13. மாணவர்களையே பேச வச்சா நல்லா இருக்குமே?

நன்றாக இருக்கும். பெற்றோர் அதிகம் கேட்பதும் அதைத்தான். முதலில் எழுத்து வடிவ ஒப்புதல் வாங்குங்கள். என்ன பதிவு செய்கிறோம், எங்கே வைக்கிறோம், எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வகுப்புக்குள் மட்டும் என்பதற்கும் பொதுவெளிக்கும் தனித்தனிக் கையெழுத்து. பெற்றோர் சரி என்றாலும் பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்றால் பேச வைக்க வேண்டாம். குழந்தைகளின் தகவல் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பள்ளி நிர்வாகத்தின் அனுமதி முதல் படி.

ஒப்புதல் இல்லாத பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். கேள்வி எழுதுவது, நேரம் பார்ப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் குரல் தேவைப்படாத வேலைகள்.

குழுவுக்கு மூன்று அல்லது நான்கு பேர். விடைகளை எழுதி வாசிக்க வைத்தால் ஒப்பிப்பது போலத்தான் கேட்கும், கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுங்கள். போனைக் கைமாற்றிக் கொண்டே பேசினால் விரல் உரசும் சத்தம் முழுவதும் விழும். நடுவில் துணி மேல் வைத்து, பேசுபவர் நெருங்கி வந்து பேசட்டும். பின்னணியில் ஒப்புதல் இல்லாத வேறு பிள்ளையின் பெயரை யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று வெளியிடும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

14. ஒரு அம்மா தன் பொண்ணு குரலை எடுத்துடச் சொல்றாங்க. எப்படி எடுக்கிறது?

காரணம் கேட்காமல், அன்றே எடுங்கள். அந்தப் பகுதியை வெட்டிய புதிய ஃபைலை அதே எபிசோடில் மாற்றி வையுங்கள். பழையதை நீக்கிவிட்டுப் புது எபிசோடாகப் போட்டால் ஃபீடில் அடையாள எண் மாறி, எல்லோர் போனிலும் புதிதாக ஒன்று வந்து நிற்கும், தேவையில்லாத கவனம் குவியும். தலைப்பு, விவரக் குறிப்பு, பேசியதன் எழுத்து வடிவம் மூன்றிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பதிவிறங்கிய பிரதிகளை எடுக்க முடியாது என்பதை (11ஐப் பார்க்க) அந்தத் தாயிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும் தனித்தனித் துண்டாகச் சேமித்து வைத்திருந்தால் இது பத்து நிமிட வேலை. எல்லோரும் ஒரே மூச்சில் பேசிய பதிவு என்றால் எபிசோடையே எடுக்க வேண்டி வரும்.

15. பின்னணியில சினிமாப் பாட்டு பத்து செகண்ட்தானே போடுறேன், அது தப்பா?

பத்து நொடி வரை இலவசம், முப்பது நொடி வரை இலவசம் என்று ஒரு பொது விதி கிடையாது. எங்கிருந்தோ கிளம்பி எல்லோரும் நம்பும் கதை அது. வகுப்பறைக்குள் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு, இணையத்தில் வெளியிடுவதற்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பாடலுக்கு மட்டுமல்ல, கதைப் புத்தகத்தை முழுக்க வாசித்துப் பதிவிடுவதற்கும் இதே பதில்தான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையில், பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகையை எடுத்து, விவரக் குறிப்பில் ஆக்கியவர் பெயரையும் உரிமத்தையும் எழுதுங்கள். மாற்றம் கூடாது என்ற வகையைத் தவிர்ப்பது நல்லது. எல்லாவற்றையும்விட எளிது, மாணவர்கள் மேசையில் தட்டும் ஐந்து நொடித் தாளம். பேச்சுக்கு அடியில் இசையை ஓடவிடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் குரலைவிட 20 டெசிபலாவது கீழே இருக்கட்டும், காது மந்தமானவர்களுக்கு அதற்கு மேல் சொற்கள் பிரிந்து கேட்காது.

16. காது கேளாத பெற்றோர் இருக்காங்க. ஸ்மார்ட்போனே இல்லாதவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு?

முதலாமவர்களுக்கு எழுத்து வடிவம் கட்டாயம். இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யிலும், பதிவு செய்த ஒலிக்கு எழுத்து வடிவம் தருவது அடிப்படை நிலையிலேயே வருகிறது. குறிப்பு எழுதி வைத்துப் பேசுபவருக்கு இது கூடுதல் வேலையே அல்ல; அந்தக் குறிப்பைச் சற்றுத் திருத்தி ஒட்டினால் போதும். தானியங்கி எழுத்தாக்கத்தைப் பயன்படுத்தினால் பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘பதினாறு’ ‘பதினேழு’ ஆனால் ஒரு நாள் போய்விடும்.

சாதாரண போன்களில் பல, நினைவட்டையில் உள்ள எம்பி3ஐ இயக்கும். பள்ளிக்கு வரும்போது நினைவட்டையில் ஏற்றிக் கொடுக்கலாம், கூட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் போடலாம். இணையச் செலவை யோசிக்கும் வீடுகளுக்கு 9இல் சொன்ன 2.4 மெகாபைட் பெரிய சுமை இல்லை. வீடியோவாக அனுப்பினால்தான் சுமை.

17. வீட்டுல வேற மொழி பேசுறவங்களுக்கு ரெண்டு மொழியும் கலந்து பேசலாமா?

வாக்கியத்துக்கு வாக்கியம் மாறி மாறிப் பேசினால் இருவருக்குமே எரிச்சல். மொழிக்கு ஒரு தனி ஃபைல். இரண்டாவது மொழியில் முழுவதும் வேண்டாம், சாரம் மட்டும் ஒன்றரை நிமிடம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே வாசிக்காதீர்கள். ‘கொண்டுவர வேண்டாம்’ என்பது ‘கொண்டுவர வேண்டும்’ ஆகிவிட்டால் வாசிப்பவருக்கே தெரியாது. அந்த மொழி தெரிந்த ஒருவர் ஒருமுறை கேட்டபின் வெளியிடுங்கள்.

18. 38 டவுன்லோடுனு காட்டுது. ஆனா யாரும் கேக்குற மாதிரி தெரியலையே?

பதிவிறக்கம் வேறு, கேட்பது வேறு. பின்தொடரும் செயலி தானாக இறக்கி வைத்திருக்கும், அவர் திறந்தே இருக்க மாட்டார். மறுபக்கம், ஒரு போனில் குடும்பமே சேர்ந்து கேட்டாலும் கணக்கில் ஒன்றுதான். குழுவில் ஃபைலாக அனுப்பியது இந்தக் கணக்கிலேயே வராது. நம்பகமான சோதனை இது: எபிசோடின் நடுவில், எழுத்து வடிவத்தில் இல்லாத ஒரு சின்ன வேலை கொடுங்கள். ‘பிள்ளையின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து அனுப்புங்கள்’ என்பது போல. மறுநாள் நட்சத்திரங்களை எண்ணுங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். ‘எபிசோட் 14’ என்பதை யாரும் திறக்க மாட்டார்கள். ‘பின்னக் கூட்டல்: பகுதிகள் வேறாக இருந்தால் என்ன செய்வது? (4 நிமிடம்)’ என்பதை, அன்று மாலை அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்ட வீடு திறக்கும். அடுத்து முதல் 15 நொடி. இசை, வணக்கம், பள்ளியின் முழுப்பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் முடிந்து விஷயம் வருவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

19. தேதியைத் தப்பா சொல்லி வெளியிட்டுட்டேன்!

உடனே எழுத்தில் திருத்தம் அனுப்புங்கள், அதன் பிறகு 14இல் சொன்னபடி ஃபைலை மாற்றுங்கள். வரிசை முக்கியம். சத்தமில்லாமல் ஃபைலை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே கேட்டவர்கள் தவறான நாளிலேயே வந்து நிற்பார்கள். தலைப்பில் ‘திருத்தப்பட்டது’ என்று சேருங்கள்.

‘நாளைக்கு’, ‘இந்த வெள்ளி’ என்று பேசும் பழக்கத்தையும் விடுங்கள். செவ்வாயன்று வெளியானதைச் சிலர் அடுத்த ஞாயிறுதான் கேட்பார்கள். அறிவிப்புகளை மட்டும் தனித்துண்டாகப் பதிவு செய்து முன்னால் ஒட்டினால், தவறு வந்தால் அந்த 20 நொடியை மட்டும் மறுபடி பேசினால் போதும்.

20. என் குரல் எனக்கே பிடிக்கல. கம்ப்யூட்டர் குரல்ல போட்டுடலாமா?

பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. எலும்பு வழி வருவது கனமான ஒலியைக் கூட்டிக் காட்டும். பதிவில் அது இல்லாததால் நமக்கு மட்டும் மெலிசாகவும் அந்நியமாகவும் கேட்கிறது. மற்றவர்கள் தினமும் கேட்பது இந்தக் குரலைத்தான்.

இயந்திரக் குரல் அறிவிப்பு வாசிக்கப் போதும், ஆனால் அறிவிப்புக்கு எழுத்தே போதும் என்று 2இல் பார்த்தோம். மாலையில் பிள்ளை வீட்டில் சொல்லும் அந்த ‘டீச்சர்’ இவர்தான் என்று பெற்றோர் அறிந்துகொள்வது உங்கள் குரலில்தான் நடக்கும். இயந்திரக் குரலைப் பயன்படுத்தினால் அதைச் சொல்லிவிடுங்கள். மாணவர்களின் குரலை நகலெடுக்கும் எந்தச் சேவையிலும் ஏற்றாதீர்கள்.

21. பெற்றோர் பதில் சொல்ல வழி வேணாமா?

வேண்டும், ஒரே ஒரு வழி. மூன்று இடம் கொடுத்தால் மூன்றிலும் பார்க்கத் தவறுவீர்கள். ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிலோ ஒருவரி எழுத்தோ, எந்த நாளுக்குள் என்று சொல்லிக் கேளுங்கள். பலருக்கும் பொதுவான கேள்விக்கு அடுத்த எபிசோடில் பெயர் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய குறை என்றால் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். அனுப்பியவரின் குரலை அனுமதி இல்லாமல் எபிசோடில் சேர்க்கக் கூடாது.

22. வருஷம் முடிஞ்சதும் இதையெல்லாம் என்ன பண்றது?

இரண்டாகப் பிரியுங்கள். பிள்ளைகளின் குரல் உள்ளவற்றை ஒப்புதலில் எழுதிய காலம் முடிந்ததும் நீக்குங்கள், வெட்டாத மூலப் பதிவுகளையும் சேர்த்து. பாட விளக்கங்களில் 19இல் சொன்னபடி தேதி உள்ளே கலக்காமல் இருந்தால் அடுத்த ஆண்டும் அப்படியே பயன்படும். பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்குங்கள், சொந்த முகவரியில் வேண்டாம். ஆசிரியர் மாறிப் போனால் ஃபீடும் அவரோடு போய்விடும். ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்று வைத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துத்தான் பழைய கணக்கை மூட வேண்டும். முதலில் மூடிவிட்டால் பின்தொடர்ந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாமல் அறுந்து போவார்கள். சேவைகளும் நிலையானவை அல்ல, கூகுள் பாட்காஸ்ட்ஸே 2024இல் மூடப்பட்டது. எடிட் செய்த எம்பி3களின் ஒரு பிரதியும் அவற்றின் எழுத்து வடிவமும் பள்ளியின் சொந்தக் கணினியில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.